பூட்டாத வட்டு

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. இதை உரக்கச் சொல்ல முடியாது. சொன்னால், தெருமுனையில் தையல் மிஷின் மிதித்துக்கொண்டிருக்கிறாரே, அவர் காதில் விழும், விழுந்தால் மிஷின் நிற்கும், நின்றால் அப்புறம் பொழுது சாயும் வரைக்கும் ஓடாது.

ஆவுடையாபுரத்துத் தையல்காரர் ஆறுமுகநயினாருக்கு ஒரே மகள். குழல்வாய்மொழி என்று பெயர் வைத்தார், ஊர் அதைக் குழலி என்று சுருக்கிக்கொண்டது. பெற்றவள் அந்தப் பிள்ளை நடக்கப் பழகும் முன்னே போய்ச் சேர்ந்துவிட்டதால், எண்ணெய் வைத்துத் தலை பின்னியதும் நயினார், பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டதும் நயினார், கல்யாண ஜாக்கெட்டுக்கு ஏழு தடவை அளவெடுத்து ஏழு தடவையும் பிரித்துத் தைத்ததும் நயினார்தான். "போதும்ப்பா, விட்டா ஜாக்கெட்டுக்கே தாலி கட்டச் சொல்லுவீக போலிருக்கு" என்று அவள் சிரித்த சிரிப்பில் கடையில் நின்ற மூன்று பேரும் சிரித்தார்கள்.

மாப்பிள்ளை சிதம்பரநாதனுக்கு ஊர் நொச்சிகுளம், பதினெட்டு கிலோமீட்டர். கல்யாணத்தை வீடியோ எடுத்தது துரைப்பழம். அவன் எடுத்து வந்தால் அதை வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, மிக்சிங் பண்ணித் தருவது அவன் பெண்டாட்டி வடிவு. ஊரில் புத்திசாலி யார் என்று கேட்டால் முதலில் தலையாரியைச் சொல்வார்கள், யோசித்துவிட்டு வடிவைச் சொல்வார்கள். சென்னையில் ஒரு டிவி கம்பெனி கழித்துவிட்ட கேமராவை அவள் பேச்சைக் கேட்டுத்தான் துரைப்பழம் வாங்கினான். அது நாடாவில் எழுதுகிற கேமரா இல்லை, வட்டில் எழுதுவது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கூடு, கூட்டுக்குள் மயில்கழுத்து மினுக்கத்தோடு வட்டு, அதில் ஊசி படாது, முள் படாது, ஒரு பொட்டு நீல வெளிச்சம் குனிந்து குனிந்து எழுதும். வேண்டாமென்றால் எழுதியதன் மேலேயே மறுபடி எழுதலாம். கூட்டின் ஓரத்தில் நகத்தளவு ஒரு தள்ளுப்பூட்டு உண்டு. எடுத்து முடித்ததும் அதைத் தள்ளிவிட்டால் வட்டு பூட்டிக்கொள்ளும், தள்ள மறந்தால் அடுத்த வீட்டுக் கல்யாணம் இந்த வீட்டுக் கல்யாணத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும்.

ஒரு வட்டில் எண்பத்தைந்து நிமிஷம்தான் பிடிக்கும். துரைப்பழம் ஒரு கல்யாணத்துக்கு ஒரு வட்டுக்கு மேல் செலவழிக்க மாட்டான். "எண்பத்தஞ்சு நிமிஷத்துக்கு மேல ஒரு கல்யாணத்துல பாக்கறதுக்கு என்ன இருக்கு? மிச்சமெல்லாம் பந்திதானே" என்பான். ஆகவே அன்றைக்கும் மண்டப வாசலில் குழலி காரில் ஏறுகிறவரை எடுத்தான். அவள் ஏறப்போனவள் திரும்பி, "அப்பா, மாத்திரையை மறந்துராதீக, அப்பா" என்று சொன்னதையும், நயினார் தலையை ஆட்டிக்கொண்டே ஆட்டிக்கொண்டே நின்றதையும் நாற்பது நொடிக்கு எடுத்தான். அதோடு நிறுத்தி, வழியில் வட்டை வீணாக்காமல், நொச்சிகுளத்து வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டு வந்த பிறகுதான் மறுபடி ஓடவிட்டான். ஆரத்தி முடிந்து வட்டைக் கையில் எடுக்கிற நேரத்துக்குப் போன் வந்தது. நயினார்தான். "தம்பி, எம்பிள்ளை பால் குடிச்சாளா? மூஞ்சி எப்படி இருக்கு? நீரு சாப்பிட்டீரா?" தோளுக்கும் காதுக்கும் இடையில் போனை இடுக்கிக்கொண்டு, குடிச்சாச்சு அண்ணாச்சி, சிரிச்ச மொகந்தான் அண்ணாச்சி, நான் சாப்பிட்டேன் அண்ணாச்சி என்று பதில் சொல்லிக்கொண்டே வட்டைப் பைக்குள் போட்டவன் பூட்டைத் தள்ள மறந்தான்.

நாற்பத்தொன்றாம் நாள் குழலி காய்ச்சலில் போய்விட்டாள். நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் நொச்சிகுளத்திலிருந்து வந்த போனை நயினார் எடுத்துக் காதில் வைத்தவர், அதைக் கீழே வைக்க மறந்து, பிடித்தபடியே பஸ் ஏறிப் போனார்.

பதினாறாம் நாள் விசேஷம் கழிந்து, அந்த வட்டை இனியும் அலமாரியில் வைத்திருக்க மனமில்லாமல் வடிவு அதை ஓட்டுகிற பெட்டியில் போட்டாள். எண்பத்தைந்து நிமிஷம் ஓடியது. ஆரத்தி முடிந்தது. நிற்க வேண்டிய இடத்தில் அது நிற்கவில்லை. ஆரத்தித் தட்டைக் கொண்டுபோய்த் தெருவில் ஊற்றினார்கள், குழலி வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள், பாலும் பழமும் கொடுத்தார்கள், விளக்கேற்றினாள், சாயங்காலம் ஆனது. யாரும் எடுக்காத சாயங்காலம். வடிவு அடுப்பில் வைத்த உலை பொங்கி வழிந்து தீ அணைந்த பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் காலையில் குழலி எழுந்து வாசல் தெளித்தாள். வடிவு முகத்தைக் கழுவிக்கொண்டு போய் நயினாரின் கடை முன்னால் நின்று, "அண்ணாச்சி, மிஷினைத் தூக்கிக்கிட்டு எங்க ஸ்டுடியோவுக்கு வந்திருங்க, உங்க பிள்ளை வாசல் தெளிக்கா" என்றாள். நயினார் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. தைத்துக்கொண்டிருந்த சட்டைக் கைக்கு மட்டும் முடிச்சுப் போட்டுவிட்டு எழுந்தார்.

ஊருக்கு இதைப் பழகிக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. காய் நறுக்குகிறவர்கள் காயோடு வந்தார்கள், பூக் கட்டுகிறவர்கள் நாரோடு வந்தார்கள். லைன்மேன் முத்தையா கரண்டை நிறுத்தும் முன்னால் ஸ்டுடியோ வாசலில் வந்து, "குழலி கையில சூடா எதுவும் வச்சிருக்காளா, நிறுத்தலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் நிறுத்துவார், ஏனென்றால் பெட்டி நின்றால் அவள் நின்ற நிலையில் நின்றுவிடுவாள். ஒருநாள் இரண்டு மணி நேரம் கொதிக்கிற சாம்பாருக்கு மேல் கரண்டியோடு நின்றாள், ஊரே கை வலிக்கிறது என்று உதறிக்கொண்டது. அப்புறம் பஞ்சாயத்தில் பேசி ஒரு பெரிய பேட்டரி வைத்தார்கள்.

சிதம்பரநாதன் ஒரே ஒரு தடவை வந்தான். உள்ளே தானும் அவளும் ஒரே தட்டில் முறுக்குத் தின்று சிரிப்பதைப் பார்த்தான், தன்னைத் தானே பொறாமையோடு பார்த்தான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள், அப்புறம் வரவில்லை. வருஷத்துக்குள் பூரணி என்கிற பெண்ணைக் கட்டினான், அந்தக் கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைத்ததும் நயினார்தான். பூரணி ஒருநாள் தனியாகப் பஸ் ஏறி வந்து, திரைக்கு முன்னால் நின்று, "அக்கா, உங்க அடுப்படியில நாந்தான் இருக்கேன், அரிவாள்மனை மட்டும் எங்க வச்சீகன்னு தெரியலை" என்றாள். குழலி உள்ளே அரிவாள்மனையை மாவுப்பானைக்குப் பின்னால் செருகிவிட்டு எழுந்து போனாள். பூரணி கும்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள்.

முதல் சண்டையைக் கிளப்பியது நயினாரின் தங்கை சண்முகத்தாய். "ஏ வடிவு, திரையில தெரியுற நொச்சிகுளத்து வீட்டுச் சுவத்துல கல்யாணப் படம் மாட்டியிருக்கே, அதுல குழலிக்குப் பக்கத்துல நான் நின்ன இடம் ஏன் வெள்ளையா இருக்கு? ஆயிரம் ஜனத்துக்கு முன்னால அச்சதை போட்ட அத்தையாக்கும் நான்!" எல்லாரும் சிரித்தார்கள். வடிவு சிரிக்கவில்லை. அன்றைக்குக் குழலி ஒரு பக்கத்து வீட்டுக்காரியிடம், எனக்கு அத்தை யாரும் கிடையாது என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை அவள் கேட்டிருந்தாள்.

ஜனமெல்லாம் போன பிறகு அவள் கணக்குப் போட்டாள். குழலி ஒரு நாள் வாழ்ந்தால் வட்டில் பத்து நொடி எழுதுகிறது. வட்டோ எண்பத்தைந்து நிமிஷத்துக்கு முழுதாக நிறைந்த வட்டு. புது நாளை எங்கே எழுதும்? முதலிலிருந்து, பழசின் மேல்தான் எழுதும். நலங்கு வைத்தது போய்விட்டது, மேளக்காரர்கள் போய்விட்டார்கள், மண்டபத்தில் மட்டும் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். படத்திலிருந்து போனவர்கள் அவள் நினைவிலிருந்தும் போனார்கள். சிதம்பரநாதனுக்கு மோசமில்லை, அவன் அவளோடு நொச்சிகுளத்தில் இருக்கிறான், புதுநாள்களில் அவனும் எழுதப்படுகிறான். நயினார்தான் மண்டப வாசலோடு நின்றுவிட்டார். அங்கிருந்து நொச்சிகுளம் வரைக்கும் துரைப்பழம் படம் எடுக்கவில்லை, படம் எடுக்காத பாதை அந்த உலகத்தில் கிடையாது, உள்ளே இருக்கிற நயினார் மகளைப் பார்க்கப் போக வழியில்லாமல் வாசலிலேயே தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறார்.

வடிவு அதை அவரிடம் சொல்லப் பத்து மாசம் எடுத்துக்கொண்டாள். கணக்குப் போட்ட அன்றைக்கே குழலி முழுகாமல் இருந்தாள், அப்புறம் ஊர்ப் பெண்கள் ஏழு வகைச் சாதம் கட்டி எடுத்து வந்து திரைக்குச் சந்தனம் தடவி வளைகாப்பு நடத்தினார்கள், குழலிக்கு ஒரு பெண் பிறந்தது. குழந்தை குப்புற விழுந்த அன்று நயினார் கடை வாடிக்கைக்காரர் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார். கழுத்து நின்றது. உட்கார வைத்தால் சாய்ந்து சாய்ந்து விழுந்தது. தவழ்வதற்கு முட்டியை மடக்கி, முன்னும் பின்னும் ஆடி, போகத் தெரியாமல் கோபப்பட்டு அழுதது.

அந்த வாரத்தில்தான் வடிவு அவர் மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். "இன்னும் மூணு நாள்ல எழுத்து மண்டப வாசலுக்கு வந்துரும், அண்ணாச்சி. அந்த நாப்பது நொடிதான் பாக்கி. அது நாலு நாள்ல கரைஞ்சிரும். அதுக்கப்புறம் அப்பான்னு ஒருத்தர் இருந்ததே அவளுக்குத் தெரியாது."

நயினார் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். கோத்து முடித்தார். "நிறுத்த முடியாதா தாயி?"

"முடியும். பூட்டைத் தள்ளிட்டா எழுதாது. அவ உங்களைத் திரும்பிப் பாத்து அப்பான்னு சொன்னது அப்படியே இருக்கும், எத்தனை தடவை வேணாலும் போட்டுப் பாக்கலாம். ஆனா புதுநாள் வராது. அவ அதுக்கு மேல வாழ மாட்டா."

"பிள்ளை?"

"பிள்ளை தவழாது, அண்ணாச்சி."

ஊருக்கு விஷயம் தெரிந்ததும் ஆளுக்கொன்று சொன்னார்கள். சண்முகத்தாய் பூட்டச் சொன்னாள். "பெத்து வளர்த்தவனை மறந்துட்டு அப்படி என்ன வாழ்க்கை வேண்டிக்கெடக்கு? பூட்டுங்கலே!" முத்தையா பூட்டக் கூடாது என்றார். நயினார் இரண்டு நாள் தைக்கவில்லை, திரையில் அந்தக் குழந்தையின் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலையில், "பூட்ட வேண்டாம். ஓடட்டும்" என்றார். சொல்லிவிட்டு வேட்டி நுனியை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் வடிவு கேட்டாள். "எப்படியும் அழியப்போற நாப்பது நொடிதானே, அண்ணாச்சி. அது தானா அழியறதுக்கு முன்னால, அதுமேல நாமளே எழுதுனா என்ன? பூட்டாத வட்டு. கேமராவுல போட்டு எதை எடுத்தாலும் அது உள்ள போகும். உங்களை எடுப்போம். நொச்சிகுளத்துல, அவ வீட்டு வாசல்லயே வச்சு. அப்பாவாப் போக முடியாது, அவளுக்கு அப்படி ஒரு ஆளே தெரியாதே. வேற யாராவாப் போகலாம்."

யாராகப் போவது என்று ஸ்டுடியோவே இரைந்தது. தபால்காரர் என்றார்கள். தபால்காரனுக்கு மாசம் ஒருதரம்தான் வாசலில் வேலை என்றார் முத்தையா. பால்காரர் என்றார்கள். "அப்ப மாட்டையும் எடுக்கணும், மாடு நாப்பது நொடி நான் சொன்னபடி நிக்குமா?" என்று துரைப்பழம் கேட்டான். சண்முகத்தாய், "மாமனாருக்கு அண்ணனாப் போகட்டும், மரியாதையா இருக்கும்" என்றாள். நயினார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாக, "கோலமாவு" என்றார். "அவ கதவைத் தெறந்ததும் மொதல்ல வாசலுக்குத்தான் வருவா."

மறுநாள் விடியலில் வடிவு பெட்டியிலிருந்து வட்டை எடுத்தாள். குழலி அந்த நேரம் வாளியைச் சாய்த்திருந்தாள், விழப்போன தண்ணீர் விழாமல் நின்றது. முதல் பஸ்ஸில் நொச்சிகுளம் போனார்கள். வாங்கி வைத்த சைக்கிளும் சாக்கும் பஸ்ஸின் கூரையில் வந்தன. பூரணி வாசலைப் பெருக்கி வைத்துவிட்டு, தான் படத்தில் விழுந்துவிடக் கூடாது என்று புழக்கடை வழியாகப் போய் எதிர்வீட்டில் நின்றுகொண்டாள்.

வடிவு நயினாரின் தோள்பட்டையில் ஒட்டியிருந்த நூலை எடுத்தாள், கையிலும் மீசையிலும் மாவைப் பூசினாள். "அண்ணாச்சி, மூணு விசயம். அவ பேரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது, மாவு விக்கிறவனுக்கு வீட்டுப்பிள்ளை பேரு எப்படித் தெரியும்? கேமராவைப் பாக்கக் கூடாது. அழக் கூடாது. அழுதா அழுத மொகமாத்தான் உள்ள போவீக, அப்புறம் ஆயுசு முழுக்க அழுதுகிட்டேதான் மாவு விப்பீக."

"சிரிக்கணுமா?"

"நாப்பது நொடி சிரிச்சுருங்க. போதும்."

துரைப்பழம் கேமராவைத் தோளில் தூக்கினான். அவன் விரல் சிவப்புப் பொத்தானுக்குப் போனது, போய் நின்றது. "வடிவு, அந்த மண்டப வாசலைக் கடைசியா ஒருவாட்டி போட்டுக் காட்டிரலாமா அவருக்கு?" நயினார் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்தபடி, "வேண்டாம் தம்பி. பாத்தா அழுதுருவேன். எடுத்துரும்" என்றார்.

எடுத்தான். ஆறுமுகநயினார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்தத் தெருவில் வந்தார், மணியை இரண்டு தடவை அடித்தார், "கோலமாவே" என்று கூவினார். எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல், எதிர்வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்த காக்கைகள்கூட எழும்பிப் பறந்தன. யாரும் இல்லாத அந்த வாசலைப் பார்த்து, கதவு திறந்து யாரோ வருவதுபோல, வருகிறவளின் இடுப்பில் ஒரு பிள்ளை இருப்பதுபோல, படியை எடுத்து மாவில் குத்தி அள்ளிக்கொண்டு, சிரித்தார். துரைப்பழத்தின் தோள் ஆடாமல் இருக்க வடிவு அவன் முதுகைத் தன் உள்ளங்கையால் தாங்கிக்கொண்டு, வாய்க்குள் நொடிகளை எண்ணினாள். நாற்பது. விரலைத் தூக்கினாள். கேமரா நின்ற பிறகும் நயினாருக்குச் சிரிப்பை எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை. பூரணி எதிர்வீட்டிலிருந்து ஓடிவந்து அவர் கையிலிருந்த படியை வாங்கிக்கொண்டாள்.

பதினோரு மணிக்கு ஸ்டுடியோவில் வட்டு மறுபடி ஓடியது. ஊர் மொத்தமும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. வாளியிலிருந்து தண்ணீர் விழுந்தது. குழலி வாசல் தெளித்தாள். தெருமுனையில் சைக்கிள் மணி இரண்டு தடவை அடித்தது.

"கோலமாவே!"

அவள் வாளியை வைத்துவிட்டு உள்ளே போய், பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். "ரெண்டு படி போடுங்க, பெரியவரே. புதுசா வாறீகளோ?"

"ஆமா தாயி. இனிமே தெனமும் வருவேன்."

"எந்த ஊரு உங்களுக்கு?"

"ஆவுடையாபுரம்."

"அது எங்க இருக்கு? கேள்விப்பட்டதே இல்லையே."

ஸ்டுடியோவில் சண்முகத்தாய் சேலைத்தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். உள்ளே இருந்த நயினார் இரண்டாவது படியைக் கோபுரமாகக் குவித்துப் போட்டுக்கொண்டே, "பக்கந்தான், பதினெட்டு கிலோமீட்டர்" என்றார். குழந்தை எட்டி அவர் மாவு மீசையைப் பிடித்து இழுத்தது. "ஐயையோ, விடுட்டி, தாத்தாவுக்கு வலிக்கும்" என்று குழலி பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, "கோவிச்சுக்காதீக, யாருகிட்டயும் இப்படிப் போக மாட்டா" என்றாள்.

"இழுக்கட்டும் தாயி" என்றார் அவர்.

வெளியே இருந்த நயினார் திரைக்கு ஒரு சாண் தூரத்தில், மிஷின் ஸ்டூலில், மீசையைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே இருந்தவர் சாக்கின் வாயைக் கட்டிவிட்டு நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் ஒரு கணம் இந்தப் பக்கம், கண்ணாடிக்கு வெளியே நெருக்கியடித்து நின்ற ஊரைப் பார்த்தார், அவர்களுக்கு நடுவில் இருந்த தன்னையும் பார்த்தார். அடுத்த வீட்டு வாசலை எட்டிப் பார்க்கிறவர்களை அந்த வீட்டுப் பெரியவர் பார்ப்பாரே, கோபமில்லாமல், போங்களேன் என்பதுபோல, அந்த மாதிரி. அப்புறம் சைக்கிளை எதிர்வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டுப் பிள்ளையை வாங்கக் கைநீட்டினார்.

வடிவு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். ஓட்டுகிற பெட்டியை அவள் தொடவில்லை. அதன் பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது, வட்டு சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் கையை நீட்டித் திரையை மட்டும் அணைத்தாள்.